பதினான்கு வீட்டுப் பக்கங்கள்

சனிக்கிழமை இரவு, கிள்ளான்.

மனைவியின் தங்கை கல்யாண டிவிடி நான்கு நாளாக இழுக்கிறது. எல்லாம் ஒரே டிஸ்க்கில் அடங்கும் என்று மென்பொருள் பச்சைக் கோடு காட்டுகிறது. ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகு இடமில்லை என்று நின்றுவிடுகிறது. மூன்று முறை.

இரண்டு டிஸ்க்காகப் போடட்டுமா என்று மாமனாருக்கு போன் செய்தேன்.

"வேணாம்லா மாப்ள. ரெண்டாவது டிஸ்க்ல போட்டா பிரிக்பீல்ட்ஸ் சித்தப்பா அப்புறம் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டாரு."

இடம் போதாததன் காரணம் இன்று மாலையில்தான் பிடிபட்டது. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று சொந்தக்காரர்கள் பதினான்கு வீட்டுக்கும் டிஸ்க்கின் மெனுவில் தனித்தனி முகப்புப் பக்கம் வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் படம் அசையும், பாட்டு ஓடும். மென்பொருள் கல்யாணப் படத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறது, இந்தப் பக்கங்களை விட்டுவிடுகிறது. ஒரு வீட்டை நீக்கினாலும் சண்டை. அதனால் பதினான்கிலும் அசையும் படத்தை எடுத்துவிட்டு, ஆளுக்கொரு குடும்பப் புகைப்படம் வைத்தேன். அடங்கிவிட்டது.

எங்கள் வீட்டுக்கு மட்டும் படம் கிடைக்கவில்லை. கல்யாணம் முழுக்கத் தேடினேன். மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள். நான் ஒன்றில்கூட இல்லை. கேமரா என் கையில்தானே இருந்தது. அவர்கள் இருவரையும் மட்டும் வைத்து முடித்தேன்.

டிவிடி முடிந்தது என்று மாமனாருக்குச் சொன்னேன்.

"நல்லதுலா. அடுத்த மாசம் செமினியில சொந்தத்துல ஒரு காதுகுத்து. நீங்கதான் வீடியோ எடுப்பீங்கன்னு சொல்லிட்டேன்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி மாமா" என்று வந்தது.