பாராட்டு மாதிரி ஒரு சொல்

பிப்ரவரி 4

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

இங்கே நானும் என் முதுகுவலியும் சௌக்கியம். ஒரு நல்ல செய்தி. நேற்று ஹோட்டல் வரவேற்பறையில் ஒருவர், குளியலறையில் வெந்நீர் வரவில்லை என்று குதி குதியென்று குதித்தார். நான் அசரவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் என்னை ‘நான்ஷலன்ட்’ என்றார். அகராதியில் பார்த்தேன். அலட்டிக்கொள்ளாத, பதறாத ஆள் என்று அர்த்தமாம். பதவி உயர்வு வந்தாலும் வரும். நீயும் இந்தச் சொல்லைக் கற்றுக்கொள். எதற்கெடுத்தாலும் பதறுகிறாயே.

உன் வீட்டுக்காரன்

பிப்ரவரி 15

என்னங்க,

மேனேஜர் வாயால் பாராட்டு வாங்கியதில் சந்தோஷம். எனக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. நம் மகள் சொல்லிக் காட்டிச் சிரித்தாள்.

மார்பில் கட்டி என்று போன மாதம் எழுதியிருந்தேனே, அது புற்றுநோய்தானாம். மார்ச் பத்தாம் தேதி ஆபரேஷன். ஒரு பக்கத்தை எடுத்துவிடுவார்களாம். பதறுகிறேன் என்று திட்டினாலும் பரவாயில்லை, பயமாக இருக்கிறது. ஒரு வாரம் லீவு கேட்டுக்கொண்டு வாருங்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

உங்கள் குட்டிம்மா

மார்ச் 1

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

மனசே சரியில்லை. அது பாராட்டே இல்லையாம். அந்த வெந்நீர்க்காரர் புகார் எழுதிப் போட்டுவிட்டார். எனக்கு எதிலும் அக்கறையே இல்லை என்பதைத்தான் அன்றைக்கு அப்படிச் சொன்னதாக மேனேஜர் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தார். இத்தனை வருஷம் மாடாய் உழைத்தவனுக்கு இந்தப் பேச்சு. எனக்கா அக்கறை இல்லை? சோறு தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. இப்போது போய் லீவு கேட்டால் அவர் சொன்னது உண்மை என்றாகிவிடும். இந்தக் காலத்தில் இதெல்லாம் சாதாரண ஆபரேஷன்தானே, டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். தைரியமாக இரு.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 24

என்னங்க,

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். கையெழுத்துப் போட வீட்டுக்காரர் எங்கே என்று நர்ஸ் கேட்டார். வெளியூரில் வேலையில் இருக்கிறார் என்றேன்.

“அவருக்குச் சொல்லியாச்சாம்மா?”

“சொல்லியாச்சு. அவருக்கு மனசு சரியில்லையாம்.”

நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மயக்க மருந்து கொடுக்கிற வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போது என்மேலேயே ஆத்திரம் வருகிறது. உங்கள்மேல் வரவில்லை. வரவழைத்துக்கூடப் பார்த்தேன்.

நாளைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கே போய்விடுகிறேன். வீட்டுச் சாவி கீழ்வீட்டில் இருக்கும். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் எழுதினால் மகள் பிரித்துப் படிப்பாள். முக்கியமாக ஏதாவது இருந்தால் என்னிடம் சொல்வாள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா