கடைசி வீட்டுச் சிவப்புப் புள்ளி

ஐயா,

இன்று காலை, நாங்கள் இப்போது இருக்கிற சந்தாபுரா வீட்டில் குழாயைத் திருகினேன். தண்ணீருக்கு முன்னால் காற்று வந்தது, கூடவே துரு வாடை. உடனே உங்கள் ஞாபகம். நீங்கள் காலமான செய்தி போன வாரம்தான் என் காதுக்கு எட்டியது. மாலை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வரவில்லை. போனவர்களை நினைக்க ஊதுவத்தி, சந்தனம் என்று எத்தனையோ வாசனை இருக்க, எனக்கு நீங்கள் துருவைத்தான் விட்டுப் போயிருக்கிறீர்கள்.

ஒக்கலிபுரத்தில் உங்கள் காம்பவுண்டில் வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் ஒரே குழாய். முதல் வீடு ஓனராகிய உங்களுடையது, கடைசி வீடு எங்களுடையது. நீங்கள் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ரிட்டையர் ஆனவர். நான் எஸ்எஸ்எல்சியை இரண்டு தடவை எழுதிவிட்டு எலக்ட்ரிக்கல் கடையில் பல்பு விற்கிறவன். விடிந்ததும் தண்ணீர் வரும். உங்கள் டிரம் நிறையும், தொட்டி நிறையும், அப்புறம் உங்கள் ஸ்கூட்டர் குளிக்கும். மற்ற வீடுகளும் பிடித்து முடித்து என் குடம் போகும்போது குழாய் துரு வாடையோடு 'புஸ்' என்னும்.

பேப்பரிலிருந்து தலை தூக்காமல் சொல்வீர்கள்: "வரிசைன்னா வரிசைதாம்பா. யார் முன்னாடி குடி வந்தாங்களோ அவங்க முன்னாடி. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கோ, கொஞ்சம் அனுசரிச்சுப் போ."

ஸ்கூட்டர் எப்போது குடி வந்தது என்று நான் கேட்டதில்லை. சிரித்து வைப்பேன். வாடகைக்கு இருப்பவனின் சிரிப்பு, நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள்.

என் மகள் இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் அந்தக் குழாயையே புராஜெக்டாக எடுத்தாள். கம்ப்யூட்டருக்குள் குட்டிக் குட்டி ஆட்களை உலவவிட்டு, அவர்கள் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகிறது என்று பார்க்கிற ஒரு சாப்ட்வேரில் அதைச் செய்ய வேண்டும். அந்த சாப்ட்வேரில் கார்கள் இருந்தன, ரோட்டில் நடக்கிறவர்கள் இருந்தார்கள். குழாயடி இல்லை. அதைச் செய்த வெளிநாட்டுக்காரன் குழாயடியை எங்கே கண்டான்? அவளே எழுதிச் சேர்க்க வேண்டும். மாட்யூல் என்றாள். அவள் எழுதுகிற முதல் மாட்யூல். அது சரியாக ஓடாவிட்டால் அவளுடைய சார் கையெழுத்துப் போட மாட்டார், ஒரு வருஷம் வீண்.

காட்டவேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம். கடை முதலாளி தூக்கிப்போட இருந்த பழைய கம்ப்யூட்டர் முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். திரையில் வரிசையாகப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு வீடு. தண்ணீர் கிடைத்தால் நீலம், இல்லாவிட்டால் சிவப்பு. எத்தனை முறை ஓட்டினாலும் கடைசிப் புள்ளி சிவப்பு.

"எங்கியோ தப்பு இருக்குப்பா. பிடிபடமாட்டேங்குது."

"என்னம்மா தப்பு? அச்சு அசலா வந்திருக்கு. முதல் நீலம் ஓனரு, கடைசி செகப்பு நாம. ஸ்கூட்டர் மட்டும்தான் காணோம். அப்படியே கொண்டுபோய்க் காட்டு."

"சும்மா இருப்பா. ஓனர்னு நான் யாரையுமே எழுதல. எல்லா வீட்டுக்கும் ஒரே குணம்தான். தேவையானத எடுக்கும், அவ்ளோதான்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "தண்ணி பிடிக்க முதல் வீட்டையே தெனம் முதல்ல கூப்பிடறேன். நான்தாம்பா கூப்பிடறேன்."

ஒரே ஒரு வரி சேர்த்தாள். தினமும் வீடுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துவிட்டுக் கூப்பிடுகிற வரி. சிவப்பு ஓரிடத்தில் நிற்காமல் வீடு வீடாக நகர்ந்தது. ஒரு தடவை முதல் வீட்டிலும் போய் உட்கார்ந்தது. நான் கைதட்டினேன். அவள் முறைத்தாள்.

அன்றோடு உங்கள் மேல் மிச்சமிருந்த மரியாதையும் போயிற்று, ஐயா. அதுவரை உங்களைப் பெரிய வில்லன் என்று நினைத்திருந்தேன். வில்லனுக்குக்கூட ஒரு சாமர்த்தியம் வேண்டும். உங்களிடம் என்ன இருந்தது? வரிசையைக் கூப்பிட்டவரும் நீங்கள், முதலில் போனவரும் நீங்கள். அந்த இடத்தில் எந்தப் புள்ளியை வைத்திருந்தாலும் நீலமாகத்தான் இருந்திருக்கும். இதற்குப் போய் ஒரு பேப்பர், ஒரு நாற்காலி, ஒரு தோரணை.

மறுநாள் குழாயடியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்: "தெனம் ஒரு வீடு முதல்ல பிடிக்கலாமே சார்?"

"ஏன், கம்ப்யூட்டர் சொல்லுச்சா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினீர்கள். வழக்கம்போலச் சிரித்து வைத்தேன்.

அன்றைக்கே அவளுடைய சார், வீடுகளை ஏன் கலைக்கிறாய் என்று கேட்டாராம். "கலைக்கலேன்னா கடைசி வீட்டுக்குக் கெடைக்கவே கெடைக்காது சார்" என்றாளாம். கையெழுத்துப் போட்டுவிட்டார். அவளுக்கு வேலை கிடைத்ததும் உங்கள் காம்பவுண்டைக் காலி செய்தோம்.

இப்போதெல்லாம் கடையில் கூட்டம் சேர்ந்தால் கடைசியில் நிற்பவரைத்தான் முதலில் கூப்பிடுகிறேன். முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்பவர் நிற்கட்டும். ஒருநாள் கடைக்கு வந்த மகள் இதைக் கவனித்துவிட்டாள்.

"அப்பா, நான் கலைக்கத்தான் சொன்னேன். தலைகீழா கவுக்கச் சொல்லல."

அவள் சொல்வதுதான் நியாயம். ஆனால் முன்னால் நிற்பவர் கையில் மடித்த பேப்பர் இருந்துவிட்டால் என் வாய் தானாகப் பின்னால் இருப்பவரைக் கூப்பிட்டுவிடுகிறது.

நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், ஐயா. நான்தான் உங்களை இன்னும் காக்க வைத்துக்கொண்டிருக்கிறேன்.