சாம் ப்ரோ என்று அழைக்கப்பட்ட என் அம்மாவுக்கு

என் தங்கமே, என் எஸ்தர் அம்மா,

இன்று கல்லறைத் திருநாள். காலையிலேயே பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு வந்து உன் கல்லறையைக் கழுவிவிட்டேன். சுற்றி முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினேன். சிலுவையில் உன் பெயர் வெயிலுக்கு வெளுத்திருக்கிறது, அடுத்த முறை பெயின்ட் கொண்டுவர வேண்டும். அண்ணனுக்கு கம்பெனியில் ஷிப்ட், வரவில்லை. அதற்கு நான் சமாதானம் சொல்லமாட்டேன். அவன் உன் பிள்ளை, நீயே கேட்டுக்கொள்.

உன்னிடம் பேச வேண்டியதைப் பூ வைக்கும்போதே பேசியிருக்கலாம். ஆனால் இதை நாலு பேர் படிக்கிற மாதிரிதான் எழுத வேண்டும் என்று தோன்றியது. கேட்க வேண்டியவர்கள் கல்லறைப் பக்கம் வருகிறவர்கள் இல்லை.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் நீ யார் என்று சொல்லிவிடுகிறேன். நீ காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் புடவை எடுத்துப் போடுகிறவள். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய், நாளெல்லாம் கால் கடுக்க நின்று, கல்யாணக் கும்பலுக்குப் புடவையை விரித்து விரித்துக் காட்டுவாய். மதியம் சாப்பிட்டதும் பின்கட்டில் அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்து கார் ரேஸ் ஓட்டுவாய். ஆமாம், கார் ரேஸ். அண்ணன் தூக்கிப்போட்ட போனில், அவன் ஆடி சலித்துவிட்டுப் போன கேமில், அவன் பெயரிலேயே. அதனால்தான் ஆன்லைனில் உன்னோடு ஓட்டுகிற பையன்களுக்கெல்லாம் நீ சாம் ப்ரோ.

வளைவு நெளிவு ஒன்றும் இல்லாத ரேஸ் அது. நேர் ரோடு, பக்கத்துப் பக்கத்து லேனில் இரண்டு கார். மீட்டர் முள் ஏறி பச்சை விளக்கு எரிந்ததும் கியர் மாற்ற வேண்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இதில் என்னம்மா இருக்கிறது என்று கேட்டதற்கு, "ஓட்டறதுல ஒன்னும் இல்லடி. வண்டிய ரெடி பண்றதுலதான் எல்லாம் இருக்குது" என்றாய். எந்த கியரை நீட்டுவது, எதைக் குறுக்குவது, டயரில் எவ்வளவு காற்று. அதற்குப் பெயர் ட்யூன். அந்த ட்யூனில் உன்னை அடித்துக்கொள்ள, அந்தப் பையன்களோடு நீ சேர்ந்திருந்த க்ளப்பில் ஆள் இல்லை.

உன் கார் அரக்கு. கீழே ஓரத்தில் மட்டும் பச்சை. "பார்டர் இல்லாத வண்டிய எப்படிமா ஓட்டறது" என்றாய், என்னமோ முகூர்த்தப் புடவை எடுக்கிறவள் மாதிரி.

யார் ட்யூன் கேட்டாலும் உடனே செய்துகொடுக்கமாட்டாய். முதலில் விசாரணை. "தம்பி, உன் போனு புதுசா பழசா? மேல கண்ணாடி ஒட்டிக்கினு இருக்கியா? எந்தக் கை கட்ட விரல்ல அடிக்கிற?" என்று எழுதிக் கேட்பாய். சாம் ப்ரோ ஜாதகம் கேட்கிறார் என்று பையன்கள் கிண்டல் அடிப்பார்கள். ஆனால் நீ செய்துகொடுத்த வண்டியில் ஜெயிப்பார்கள்.

ஒரே ஒருவனுக்கு மட்டும் நீ யார் என்று தெரியும். க்ளப் லீடர். ஏதோ போட்டி நாளில் அவசரமாக போன் செய்துவிட்டான், நீயும் எடுத்துவிட்டாய். "சாம் வேலைக்குப் போயிருக்கான்பா. ட்யூனு பண்றது நான்தான், சாமோட அம்மா" என்றாயாம். உடனே அவன், "ஆன்ட்டி, இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பசங்க கலாய்ப்பானுங்க, உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றானாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு, "நல்ல புள்ளடி, எனக்காக யோசிக்குது" என்று மெச்சிக்கொண்டாய். அம்மா, யாருக்காக யோசித்தான் அவன்?

நீ போனது கூட ரேஸ் மாதிரிதான் ஆகிவிட்டது. கடையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாய், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. உன் பையில் டிபன் டப்பாவும் போனும் இருந்தன.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த பிறகுதான் அந்தப் போனைத் திறந்தேன். க்ளப் பையன்கள் பேசிக்கொள்கிற க்ரூப்பில் சாம் ப்ரோவை எல்லாரும் தேடிக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று நினைத்தேன். "நான் சாமோட தங்கச்சி. இத்தனை நாளா உங்களுக்கு ட்யூன் பண்ணது சாம் இல்ல, எங்க அம்மா. அம்மா இறந்துட்டாங்க" என்று எழுதினேன்.

வரிசையாகச் சிரிப்புப் பொம்மை வந்தது. "ப்ரோ, லீவு வேணும்னா லீவுன்னு கேளு. அதுக்கு ஏன் அம்மாவ சாவடிக்கிற" என்று ஒருவன் எழுதினான். "எந்த அம்மா ப்ரோ கியர் ரேஷியோ செட் பண்றாங்க, எங்க அம்மாவுக்கு மிக்சியே ஓட்டத் தெரியாது" என்று இன்னொருவன். நான் லீடருக்காகக் காத்திருந்தேன். அவனுக்குத்தான் தெரியுமே. ஒரு வார்த்தை சொன்னால் எல்லா வாயும் மூடிவிடும். அவனும் வந்தான். "தப்பான நியூஸ் பரப்பாதீங்க. சாம் ப்ரோ பர்சனல் ரீசனால கேமை விட்டுட்டாரு" என்று எழுதிவிட்டு, கேமில் க்ளப்பிலிருந்து உன்னை நீக்கிவிட்டான்.

அண்ணனிடம் சொல்லி அழுதேன். "விடுடி, கேம்தானே" என்றான். அவனுக்கு கேம். உனக்கு? நாளெல்லாம் யார் யாருக்கோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, இது உனக்கே உனக்கு என்று வேறு எது இருந்தது?

அடுத்து நடந்ததைக் கேள், வயிறு எரியும். லீடராக இருப்பவன் க்ளப்பில் எவன் காரையும் திறந்து அதன் செட்டிங்கைப் பார்க்கலாம். உன்னை நீக்குவதற்கு முன்பே உன் அரக்குக் காரைத் திறந்து, நீ யாருக்கும் தராத உன் சொந்த ட்யூனை ஒரு எழுத்து விடாமல் எடுத்துக்கொண்டிருக்கிறான். தன் பெயரைப் போட்டு, "என் புது ட்யூன்" என்று க்ரூப்பில் காட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள். உனக்குச் சிரிப்புப் பொம்மை, அவனுக்குக் கைத்தட்டல்.

அந்த ட்யூனோடு வேறு க்ளப்போடு மோதப் போனான். ஒவ்வொரு ரேஸிலும் தோற்றான். கியர் மாற்றும்போதெல்லாம் கார் மூச்சு வாங்கியதாம். அப்புறம் உன் எண்ணில் எனக்கு போன்.

"சிஸ்டர், அம்மா எப்படி இறந்தாங்க? கேள்விப்பட்டு மனசே சரியில்ல" என்று ஆரம்பித்தான். "அம்மா மாதிரி ட்யூன் பண்ண ஆளே கிடையாது" என்றான். கடைசியாக, "அம்மா அந்த வண்டில வேற ஏதாச்சும் பண்ணி வெச்சிருந்தாங்களா? உங்ககிட்ட எதுனா சொன்னாங்களா?" என்றான்.

அம்மா, அம்மா, அம்மா. க்ரூப்பில் ஒரு தடவை சொல்ல வாய் வராதவன், காரியம் ஆக வேண்டும் என்றதும் வாய் ஓயாமல் சொல்கிறான். "இதே வார்த்தைய க்ரூப்ல எழுதுங்க. சாம் ப்ரோங்கிறது ஒரு அம்மா, அவங்க பேரு எஸ்தர்னு எழுதுங்க. நான் சொல்றேன்" என்றேன்.

"இப்ப போய் அத சொன்னா என் பேரு என்னாவறது சிஸ்டர்?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

அவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். நீயே சொன்னதுதான். "இந்தப் போனு தூங்குமூஞ்சிடி. இங்க அடிச்சா அதுக்கு அப்புறமாத்தான் உறைக்குது." நீ பச்சை விளக்குக்கு அடிப்பது காருக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அந்தத் தாமதத்தையும் சேர்த்துத்தான் உன் காரின் ஒவ்வொரு கியரையும் நீட்டி வைத்திருந்தாய். அவனுடையது புத்தம் புதுப் போன். அடித்தவுடன் கியர் மாறுகிறது, உன் ட்யூனுக்கு அது ரொம்ப சீக்கிரம், அதனால்தான் கார் மூச்சு வாங்கியது. மற்றவர்களிடம் போன் புதுசா பழசா என்று நீ கேட்டதெல்லாம் இதற்குத்தான். க்ளப்பில் எல்லாரும் அந்தக் கேள்வியைக் கிண்டல் பண்ணினார்கள், ஒருவனாவது எதற்கு என்று யோசித்தானா?

போன ஞாயிறு சர்ச் விட்டு வந்ததும் கேமில் உன் பெயரை மாற்றினேன். சாமை அழித்துவிட்டு எஸ்தர் என்று போட்டேன். என் ட்யூன் என்று காட்டிவிட்டதை விட முடியாமல், அதே ட்யூனோடு, யார் வேண்டுமானாலும் வந்து மோதலாம் என்று லீடர் பொதுவில் நின்றுகொண்டிருந்தான். அவன் க்ளப் முழுவதும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. உன் தூங்குமூஞ்சிப் போனில் உன் அரக்குக் காரை அவன் பக்கத்து லேனில் கொண்டுபோய் நிறுத்தினேன். பச்சை எரிந்ததும் நீ அடிக்கிற மாதிரியே அடித்தேன். அவன் கார் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. திரையில் எஸ்தர் மேலே, அவன் கீழே.

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்கிறாயா? அழுகைதான் வந்தது. அது கூட முழுசாக வரவில்லை, அதற்குள் க்ரூப்பில் சத்தம். உன் எண்ணை அங்கிருந்து அவன் இன்னும் நீக்கவில்லை, ட்யூன் ரகசியம் இன்னும் வேண்டுமே. "யார்ரா இந்த எஸ்தர்?" என்று ஒருவன் கேட்டான். "கலரப் பாத்தா சாம் ப்ரோ வண்டி மாதிரியே இருக்குதே" என்றான் இன்னொருவன். லீடர் பதில் போட்டான். "எவனோ சாம் ப்ரோவ காப்பி அடிச்சிக்கினு இருக்கான். கண்டுக்காதீங்க."

உன் காரில், உன் பெயரில் வந்த உன்னையே காப்பி என்று சொல்லிவிட்டான் அம்மா. சொன்னவன் யார் பார்.

அதனால்தான் ரகசியத்தை இங்கே எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தை அந்த க்ரூப்பிலேயே போடப் போகிறேன். லீடருக்கு ட்யூன் வேண்டும் என்றால் இதைப் படித்துத்தான் ஆக வேண்டும். படித்தால் உன் பெயரைத் தாண்டித்தான் ரகசியம் இருக்கிற இடத்துக்கு வர முடியும். மற்ற பையன்களும் படிப்பார்கள். மறுபடியும் சிரிப்புப் பொம்மை போடுகிறவர்கள் போடட்டும்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். இந்தப் போன் மொத்தமாகச் சாகும்வரை, ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் விட்டு வந்ததும், அவன் பக்கத்து லேனில் எஸ்தர் நிற்பாள். யார் இந்த எஸ்தர் என்று அவர்கள் கேட்கிற ஒவ்வொரு தடவையும் நான் பதில் சொல்வேன்.

சாம் ப்ரோ பெற்ற மகள்,
ரூத்