அந்த மலையில் கொழுந்து இல்லை

வட்டகொடை,
மார்கழி, 1958

அன்பு மகள் சண்முகவடிவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இது ஹலீம் முதலாளி கடையில் எழுதி வாங்கிய கடிதம் இல்லை. நானே எழுதுகிறேன். ஆமாம் தாயி, நானேதான்! நானும் உன் அம்மாவும் தொழிற்சங்கத்து இராப்பள்ளியில் சேர்ந்தோம். என் எழுத்தைப் பார்த்து அவள், "கவ்வாத்து வெட்டுன தேயில மாதிரி குச்சி குச்சியா நிக்குதுங்க" என்று சிரிப்பாள். ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. இந்தச் செய்தியை இன்னொருவர் கையால் எழுத வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மா போன மாதம் இறந்துவிட்டாள். நெஞ்சுச் சளி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. தந்தி அடிக்கலாம் என்றார் முதலாளி. அவர் கடையில் கருவாடு வாங்க நிற்கிறவர்கள் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ அங்கிருந்து அனுப்பிய வேல்ஸ் ஊர்ப் படத்தை அவள் போவதற்கு முன் பார்த்துவிட்டாள். வாசலில் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். மலை, மூடுபனி, ஈரம் எல்லாம் நம் ஊர் போலவே. கருங்கல் வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்பதைக் காட்டி, "அட, தொரைமாரு ஊர்லயும் லயந்தாங்க! பொகைக்கூண்டு மட்டும் கூட இருக்கு" என்றாள். மலை முழுக்கப் புல்லும் செம்மறி ஆடும்தான் என்று நீ எழுதியதை அவள் நம்பவே இல்லை. "கொழுந்து இல்லாத மலையில எதுக்கு ஏறுறது? விடியுமுன்ன ஆள் கணக்கெடுக்குற பெரட்டு இல்லாத ஊர்ல புள்ள எத்தன மணிக்கு எந்திரிக்கிறா, கேட்டு எழுதுங்க" என்றாள். கேட்டுவிட்டேன். பதில் எழுது.

கருமாதிப் படையலில் அவளுக்குப் பிடித்த ரொட்டியும் சம்பலும் வைத்தேன். பக்கத்தில் நீ அனுப்பிய ஊர்ப் படத்தையும் வைத்தேன். அடுத்த வீட்டு லெட்சுமி அதில் இருக்கும் துரைமார் கோயிலைப் பார்த்து, எந்தச் சாமி என்று கேட்காமலேயே கற்பூரம் காட்டிவிட்டாள். ஓரம் கருகிவிட்டது. வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மலைதான் கொஞ்சம் போயிற்று.

எனக்கு அழுகை வரவில்லை. மறுநாளே பெரட்டுக்குப் போனேன். கவ்வாத்துக் கத்தி வெட்டுகிறது, கை கூடவே போகிறது. காலையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றிவிடுகிறேன். ஒன்று அப்படியே இருக்கிறது.

அவள் கடைசியாகச் சொன்னதை எழுதிவிடுகிறேன். "புள்ளைய வரச் சொல்லாதீங்க. தொரைசாணி வீட்டு வேலைய விட்டுட்டு வந்தா மறுபடி கொழுந்துக் கூடைதான். நீங்க சமாளிச்சுக்குவீங்க" என்றாள். அதனால் வர வேண்டாம். குளிரில் காதை மூடிக்கொள். துரை பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள். முருகன் உன்னை விட்டுப் போகமாட்டான்.

இவ்வளவும் உன் அம்மா சொன்னது. நான் சொல்ல இருப்பதற்கு இன்னும் கை பழகவில்லை. அடுத்த வாரம் எழுதுகிறேன்.

தன் கையாலேயே,
உன் அப்பா
சோலைமலை