களத்தை மெழுகியவள்

அக்கா,

என் மடியில் ஒரு வரட்டிப் பாக்கெட் இருக்கிறது. ஆமாம், வரட்டிதான். சாணத்தைத் தட்டிக் காயவைத்த அதே வரட்டி. ஆறு வரட்டிகளை ஒரே அளவாக, வட்டமாகத் தட்டிப் பளபளக்கும் தாளில் சுற்றியிருக்கிறார்கள். மேலே பசுமாட்டின் படம், கீழே இங்கிலீஷில் நாலைந்து வரி, மூலையில் ஒரு முத்திரை. தாளைக் கிழித்து மோந்து பார்த்தேன். பாவிகள் வாசனைத் தைலம் வேறு தெளித்திருக்கிறார்கள். அதற்கு அடியில் நம் தொழுவத்து வாசம் இருக்கத்தான் செய்கிறது. அந்த வாசத்தோடு உன்மேல் எனக்குள்ள கோபமும் சேர்ந்து வந்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இன்று காலை நாமக்கல்லில் உன் மகள் புது வீட்டில் பால் காய்ச்சினாள். ஹோமத்துக்கு வேண்டுமென்று மருமகன் போனிலேயே சொல்லி வரவழைத்த பாக்கெட் இது. வந்தவர்களிடமெல்லாம் தூக்கிக் காட்டினார். "லேப்ல டெஸ்ட் பண்ணுனதுங்க அத்தை. கிருமியே கிடையாது. வெளிநாட்டுக்காரங்களே வாங்கறாங்க" என்று என்னிடமும் சொன்னார். எனக்கு அப்போதே காது சூடாகிவிட்டது. அதற்குள் உன் மகள் சிரித்துக்கொண்டே, "இதத்தான் எங்கம்மா களத்துல மெழுகச் சொல்லி ஊரையே கெடுத்துச்சு" என்றாள். கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் மனசில் விஷம் இல்லை. சின்ன வயதிலிருந்து ஊர் சொல்லிக் கேட்டதை அவளும் சொல்கிறாள். ஆனால் அக்கா, பெற்ற மகளிடம்கூட நீ உண்மையைச் சொல்லாமல் போயிருக்கிறாய் என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. மாவிலைத் தோரணத்தைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

மிளகுக் கம்பெனிக்காரர் முதல்முதலாக நம் ஊருக்கு வந்த நாளை நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் காட்டினார். நம் மிளகு கடல் தாண்டிப் போகும், ரசாயனம் போடாத மிளகுக்கு அங்கே ஏங்கிக் கிடக்கிறார்கள் என்றார். உலகமே ஒரு கிராமமாகிவிட்டது என்றார். நாம் கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை, பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தார். நீதான் எழுந்து, "அந்தக் கிராமத்துல எங்க ஊடு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அடுத்த படத்தைப் போட்டார். அன்றே எழுந்து வந்திருக்க வேண்டும். வாய் துடுக்கான பெண் என்று உன்னையே மிளகுக் குழுவுக்குத் தலைவியாக்கினார்கள்.

மூன்று நாள் பயிற்சி என்று மலையை விட்டுக் கீழே கூட்டிப்போனார்கள். தலையில் தொப்பியும் தோளில் பையுமாகத் திரும்பி வந்தாய். உரம் கூடாது, பிளாஸ்டிக் சாக்கு கூடாது, களத்தில் மாடு ஏறக்கூடாது என்று வரிசையாக ஒப்பித்தாய். அவர்கள் ஊர் மாடு மிளகு தின்னும் போலிருக்கிறது என்று நாங்கள் கேலி பேசினோம். என் வீட்டுக்காரர், அதுதான் உன் கொழுந்தன், அந்த வருஷமே சாமைக் காட்டை அழித்தார். சாமை, தினை, மரவள்ளி எதுவும் மிச்சமில்லை. கொல்லிமலை ஆலத்தூர் நாட்டிலேயே முழுக்க மிளகு போட்டவன் நான்தான் என்று மீசையைத் தடவிக்கொண்டார். உன் காட்டில் பாறையும் நாலு பலாமரமும், ஓரத்தில் கொஞ்சம் கொடியும்தான்.

கொடி காய்க்கத் தொடங்கியதும் ஊருக்குப் பொதுவாகச் சிமெண்டில் களம் போட்டார்கள். முதல் மிளகு காயப்போகிற தை மாதக் காலையில் நீ ஊரில் இல்லை. முதல் பஸ்ஸில் பேளுக்குறிச்சிச் சந்தைக்குச் சணல் சாக்கு வாங்கப் போயிருந்தாய். நான் வெறும் சிமெண்டைப் பார்த்தேன். யார் யாரோ செருப்புக் காலோடு நடந்து, வேலையாட்கள் வெற்றிலை துப்பிய தரை. அதில் முதல் மகசூலைக் கொட்ட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? மாடு ஏறக்கூடாது என்றாயே, அதற்காக என் மாடுகளைத் தூரத்துப் பலாமரத்தில் கட்டினேன். பிறகு நாலு வாளிச் சாணத்தைக் கரைத்து, மூலை முடுக்கெல்லாம் வழித்து மெழுகி, சுற்றிக் கோலக்கரையும் இழுத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. சுத்தம் என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான்.

ஊரே பார்த்தது. மேலூட்டுப் பெரியவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் களத்தில் கால் வைத்தார். சாயங்காலம் சாக்குக் கட்டோடு வந்த நீயும், "லட்சணமா இருக்குது கண்ணு" என்று சொன்னாய். மூன்று நாள் பயிற்சி எடுத்தவளுக்கே தப்பாகத் தோன்றவில்லை.

கடல் தாண்டிப் போன மிளகில் சாணத்துக் கிருமி இருக்கிறது என்று எங்கோ ஒரு கண்ணாடி அறையில் எவனோ எழுதிக் கொடுத்தான். கம்பெனிக்காரர் உச்சி வெயிலில் ஜீப்பில் வந்து இறங்கினார். நாம் செருப்பைக் கழற்றி நடந்த களத்தில் ஷூ காலோடு ஏறி நடுவில் நின்றார். நின்றுகொண்டு நமக்குச் சுத்தம் தெரியாது என்றார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. இதற்குக் காரணமான ஆளின் காட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவோம், மற்றவர்களிடம் அடுத்த வருஷமும் எடுப்போம் என்றார். யார் மெழுகியது என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ எழுந்தாய்.

"அவ சின்னவ. நாஞ் சொன்னதச் செஞ்சா. நாந்தான் மெழுகச் சொன்னேன்."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாய். வாயை மூடு என்கிற பார்வை. நானும் மூடிக்கொண்டேன்.

அன்று பொழுது சாயும் முன்பே உன் வீட்டுக்குச் சண்டைக்கு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? "உன்னய யாருக்கா கேட்டா?" என்று கத்தினேன். நீ பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாய். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எனக்குப் பாறையும் பலாவுந்தான் கண்ணு. அத லிஸ்டுல அடிச்சா என்ன கெட்டுப்போச்சு? நீ மிளகத் தவிர எதத் திம்ப?" என்றாய். எனக்கு அழுகை வந்தது. ஆனால் மறுநாள் காலையில் ஊருக்குள் போய் உண்மையைச் சொல்லவும் இல்லை.

சரி, உன் பொய்யால் என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் அந்த ஜீப் வரவே இல்லை. உன் காட்டை மட்டும் அல்ல, மொத்த ஊரையும் அடித்துவிட்டார்கள். வேறு ஏதோ நாட்டில் வேறு ஏதோ மலை கிடைத்துவிட்டதாம். சாக்கைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பேளுக்குறிச்சிக்குப் போனால், வியாபாரி கப்பலில் வந்த மிளகை அள்ளிக் காட்டி, இதைவிடக் குறைத்துத் தருவாயா என்று கேட்டார். சாமைக் காடு இருந்திருந்தால் வீட்டிலாவது சோறு இருந்திருக்கும். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றேன்.

வயிறு எரிந்த ஊர் கம்பெனியை ஏசவில்லை. அது எட்டாத தூரத்தில் இருந்தது. நீ பக்கத்துத் தெருவில் இருந்தாய். பயிற்சிக்குப் போன திமிர் என்றார்கள், தெரிந்தே கெடுத்தாள் என்றார்கள். மேலூட்டுப் பெரியவர் குடிதண்ணீர்க் குழாயடியில் வைத்து உன்னை ஏசியபோது நான் குடத்தோடு பின்னால் நின்றிருந்தேன். உன் வீட்டு விசேஷத்துக்கு ஆள் வருவது நின்றது. புருஷனை இழந்தவள், எத்தனை நாள் தாங்குவாய்? மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறினாய்.

அங்கே பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. முகம் தெரியாத வெளிநாட்டுக் குழந்தைகளின் சட்டையில் நூல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று நாள் முழுக்க நின்று வெட்டினாய். ஓர் ஆடிக்கு மட்டும் ஊருக்கு வந்தாய். காலெல்லாம் வீங்கியிருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அங்கயும் அதே ஆளுதான் கண்ணு. ஷூ மட்டும் வேற" என்றாய். அந்தத் தடவைதான் நாம் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது. பிறகு ஒரு நாள், காய்ச்சலோடு ஆர்டர் முடிக்க நின்றாய், விழுந்தாய் என்று போன் வந்தது. வளைவு வளைவாக அந்த மலைப்பாதையில் உன்னை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். உன்னை எடுத்துப் போன பிறகு வீட்டைக் கழுவி மெழுகியதும் நான்தான். அன்றைக்கு என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இத்தனையும் வைத்துக்கொண்டு அந்தப் புது வீட்டில் நான் எப்படிச் சிரிக்க முடியும்? தோரணத்தைக் கீழே போட்டேன். "உங்கம்மா அன்னிக்கு ஊருலயே இல்ல சாமி. மெழுகுனது நானு. யாரும் சொல்லல. என்னயக் காப்பாத்தப் பொய் சொல்லுச்சு" என்றேன். ஐயர்கூட மந்திரத்தை நிறுத்திவிட்டார். உன் மகளின் முகம் வெளுத்துப்போனது. ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டாள். பயம் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. என்னை நேராகப் பார்த்து, "எங்கிட்டச் சொல்லி என்னங்க சின்னம்மா? ஊருல சொல்லுங்க" என்றாள்.

கோபமா, வெட்கமா, எதுவென்று தெரியவில்லை. ஹோமத்துக்கு வைத்திருந்த பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மருமகன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் களத்துக்குப் போனேன். இப்போது அது சுற்றுலா வேன்கள் நிற்கிற இடம். ஓரத்தில் டீக்கடை. கீழேயிருந்து வாங்கிவந்த எந்த நாட்டு மிளகையோ கொல்லிமலை மிளகு என்று பாக்கெட் போட்டு விற்கிறார்கள். பழைய குழுவில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், மேலூட்டுப் பெரியவரும் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே, "எப்பவோ முடிஞ்சத இப்ப எதுக்குப் பேசற, உடு சாமி" என்றார். மற்றவர்கள் வேனிலிருந்து இறங்குகிறவர்களை வேடிக்கை பார்க்கத் திரும்பினார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பாக்கெட்டை அவர் பெஞ்சில் போட்டேன். "முடியலீங்க. குழாயடில எங்கக்காள ஏசுனீங்கல்ல, அதே வாயால சொல்லுங்க, அது செய்யலன்னு" என்றேன். இந்தக் களத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தவர்தானே அவரும். அவர் பாக்கெட்டையும் சிமெண்ட் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். டீ ஆறி ஆடை கட்டுகிறவரை நான் நகரவில்லை.

"செய்யல" என்றார்.

அவ்வளவுதான். பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அதே வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், சொன்னேன்.

உன் பெயரை ஊரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன் அக்கா. கேட்க நீ இல்லை என்பதில் எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை. மூன்று வார்த்தைப் பொய் சொன்னாயே, நாந்தான் மெழுகச் சொன்னேன் என்று, அது மட்டும் என்னிடம் இருக்கிறது. காலையில் வாசல் மெழுகக் குனியும்போதெல்லாம் அது காதில் விழுகிறது. நாளைக்கும் விழும். அதை நான் யாருக்கும் தரப்போவதில்லை.