குளிசை போடாமல் பார்த்த காய்ச்சல்

சிவமயம்

அனலைதீவு,
24.07.2022

அன்பு மகன் சுதர்சனனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், பூசை நடக்கிறது, கிணற்றில் தண்ணீரும் இருக்கிறது. அங்கே நீயும் மருமகள் ராகவியும் நன்றாக இருக்கப் பிள்ளையார் துணை. நான் சுகம் என்று வழக்கம்போல எழுதப் போன கையை நிறுத்தித்தான் இப்படி எழுதியிருக்கிறேன், காரணம் கீழே வரும். தபாலில் போட்டால் இது சுவிசுக்கு வந்து சேர ஒரு மாதம் செல்லும், ஆகவே நீ பழக்கிவிட்டபடி படம் எடுத்து அனுப்புகிறேன், தாள்களுக்கு இலக்கம் போட்டிருக்கிறேன், மாற்றி வாசிக்காதே. ரெலிபோனில் சொல்லலாம்தானே என்பாய். சொல்லத் தொடங்கினால் நீ குறுக்கே பேசுவாய், நானும் அதுதான் சாட்டென்று வேறு கதைக்குப் போய்விடுவேன்.

ஊர்ப் புதினம் பெரிதாக இல்லை. எண்ணெய்த் தட்டுப்பாட்டால் ஊர்காவற்றுறைக்குப் படகு நாளுக்கு ஒரு தடவைதான் ஓடுகிறது, நாலு தடவையில் போகிற சனம் ஒரே தடவையில் நெருக்கியடித்து ஏறுகிறது. படகோட்டி றெக்‌ஷன், ஐயா, கொரோனா எப்பவோ போயிட்டுது, இப்ப எண்ணெய் இல்லாததுதான் வருத்தம் என்கிறான். அந்தப் படகில் முகக்கவசம் போடுகிற ஆள் நான் ஒருவன்தான், பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். நீ வரும்போதும் போட வேண்டும். விமானத்தில் பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டு முடித்து முகத்தை மூடிய பிறகு நீ சாப்பிடு, பசி கொஞ்சம் பொறுக்கும். கொழும்பிலிருந்து குளிரூட்டின பஸ் வேண்டாம், கண்ணாடியைச் சாத்திவிட்டால் விடியும்வரை ஒரே மூச்சைத்தான் எல்லோரும் விடவேண்டும், பகல் ரயிலில் ஜன்னலோரமாக வா. யாழ்ப்பாணத்தில் பைரவிச் சித்தி வீட்டு மேல் அறையில் மூன்று நாள் தனியாக இருந்துவிட்டுப் பிறகு தீவுக்கு வரலாம், அவளிடம் சொல்லிவிட்டேன். படகில் உள்ளே இறங்காதே, பின்பக்கம் இயந்திரத்தடியில் இரு, புகை மணந்தாலும் காற்று வரும். இதெல்லாம் நீ சுகமாக இருந்தால் செய்ய வேண்டியவை.

நேற்று நீ சொன்னதற்கு வருகிறேன். இரண்டு நாளாகத் தொண்டை நோகிறது, உடம்பு சுடுகிறது, ரெண்டு பனடோலைப் போட்டிட்டு ஏறினால் கொழும்பு போகுமட்டும் தாங்கும் என்றாய். சோதித்துப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, பார்த்தால்தானே அப்பா பிரச்சினை என்று சிரித்தாய். நானும் உம் என்று சொல்லி வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்பில் கணிதப் பரீட்சை அன்று வெப்பமானியைத் தேநீர்க் கோப்பையில் தோய்த்துக் காய்ச்சல் என்று படுத்தவன் நீ. அன்று இல்லாத காய்ச்சலை ஏற்றிக் காட்டினாய், இப்போது இருக்கிற காய்ச்சலை இறக்கிக் காட்டப் பார்க்கிறாய். அந்தக் கெட்டித்தனம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

போன வருடம் அம்மாவுக்கு ஏழாம் திருவிழா அன்று காய்ச்சல் வந்தது என்று உனக்குச் சொல்லியிருந்தேன். அது பொய். மூன்றாம் திருவிழா அன்றே வந்துவிட்டது. கொடி ஏறியாயிற்று, என் கையில் காப்பும் கட்டியாயிற்று, காப்புக் கட்டின குருக்கள் அதை அவிழ்க்கும்வரை ஊரெல்லை தாண்டக்கூடாது என்பது உனக்குத் தெரியும். காய்ச்சல் என்று வெளியில் தெரிந்தால் வாசல் படலையில் நோட்டீஸ் ஒட்டி எங்களை வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள், திருவிழா அந்தரத்தில் நிற்கும். கொடி இறங்குமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, ஒரு தடிமன் காய்ச்சல்தானே என்று அம்மாதான் சொன்னாள். பழியை அவள்மேல் போடவில்லை, பனடோல் குளிசையை எடுத்துக் கொடுத்தது நான். கோயில் வாசலில் சுகாதாரப் பரிசோதகர் காலை ஏழு மணிக்கு வந்து ஒவ்வொருவர் நெற்றியிலும் கருவியைப் பிடிப்பார். நான் ஆறு மணிக்குக் கொடுப்பேன். முப்பத்தாறு புள்ளி நாலு, முப்பத்தாறு புள்ளி ஆறு. நாலு நாளும் அவர், ஓம், சரி, உள்ளை போங்கோ அம்மா என்றார், எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அம்மா போய் இலட்சுமிப்பிள்ளை அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து மாலை கட்டினாள்.

ஏழாம் திருவிழா அன்று மூச்சு எடுக்க ஏலாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு ஏற்றப் படகு வந்தது. என்னை ஏற விடவில்லை என்று உனக்குச் சொன்னதும் பொய்தான். வீட்டு ஆள் ஒராள் வரலாம் ஐயா என்று தாதி கேட்டா. நான் காப்புக் கட்டின கையைத் தூக்கிக் காட்டினேன். அம்மாவும் நில்லுங்கோ என்பதுபோலத் தலையை ஆட்டினாள். நின்றேன். அடுத்த நாள் நோட்டீஸ் ஒட்டிக் கோயிலையும் பூட்டினார்கள், நான் எதற்காக மறைத்தேனோ அதுவே நடந்தது, கொடி இறக்க ஆளில்லாமல் பதினாறு நாள் அப்படியே காற்றில் கிழிந்தது. படகு போன மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ரெலிபோன் வந்தது. கேட்டுவிட்டு, கிணற்றடியில் விழுந்து கிடந்த வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தேன், பிறகு குசினிக் கத்தியால் காப்பை அறுத்தேன். இன்றுவரை அழுகை வரவில்லை மகனே. மரத்துப்போன கால்போல இருக்கிறது, ஊன்றுகிறேன், நடக்கிறேன், தரை தெரியவில்லை. தடைப்பட்ட திருவிழாவுக்குப் பிராயச்சித்தம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குருக்கள் வந்து ஒரு காலைப்பொழுதில் செய்து முடித்துவிட்டுப் போனார். அப்படி ஒன்று இருக்கிறது என்பது குளிசை கொடுத்த அன்றும் எனக்குத் தெரியும்.

அம்மாவுக்குக் கொள்ளி வைக்கவும் வரவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வரவில்லை, வருடம் முடிந்து வரும் ஆட்டைத் திவசத்தையாவது என் கையால் செய்வேன் என்று நீ நிற்பது எனக்கு விளங்குகிறது. விடுமுறை மறுபடி கிடைக்காது என்பதும் விளங்குகிறது. ஆனால் வருகிற பஞ்சமியில் திவசத்துக்குச் சமைக்க வரப்போவது இலட்சுமிப்பிள்ளை அக்கா. அவவும் அப்போது கொரோனா வந்து தப்பினவ, இப்போது படலையிலிருந்து குசினிக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறா. யாரால் வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை, பூசணிக்கு நான் சமைக்காமல் வேறை ஆர் என்றுதான் கேட்டா. நாகபூஷணி என்று முழுப் பெயர் சொல்லி அவ அம்மாவை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நாளைக்கு அவவிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன், அதன்பிறகும் சமைக்க வருவாவோ தெரியாது. தவறின திதியை அடுத்த அமாவாசையில் கொடுக்கலாம், அதற்கு விதி இருக்கிறது, குருக்களாகவே சொல்கிறேன். அதற்கும் வர ஏலாவிட்டால் நான் செய்கிறேன், நீ சுகமான பிறகு எப்போதாவது வா. காய்ச்சலோடு மட்டும் ஏறாதே.

உனக்கும் ராகவிக்கும் என் கையால் திருநீறு பூசிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், நோய்நொடி அண்டாமல் நீடூழி வாழுங்கள். இதை வாசித்து முடித்ததும் என்னோடு கதைக்க வேண்டாம், கோபித்தால் கோபி, அது நியாயம். ஒன்றை மட்டும் மறக்காதே. இன்று முழுக்கக் குளிசை போடாமல் இருந்து, பொழுதுபடக் காய்ச்சலை அளந்து, அந்த எண்ணை எனக்கு எழுதி அனுப்பு. கூடவாக இருந்தாலும் அதையே அனுப்பு.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா,
ச. விஸ்வலிங்கம்