பிந்தி விழுந்த அடி

மே 6
கீலுங் துறைமுகத்தில் இன்றும் மழை. துணி காயவில்லை. கணினியும் முழுதாக எழுந்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சியூ-லாங் டிரம்ஸ் வாசிக்கும் குழு மீன்சந்தைக் கூரைக்கடியில் வாசித்ததை நாலு கேமராவில் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ஒலிப்பதிவு வேறு. எல்லாவற்றையும் திரையில் அடுக்கி ஓடவிட்டால் படம் தூக்கத்தில் நடப்பவரைப் போல நகர்கிறது. பார்த்துக்கொண்டே நானும் தூங்கிப்போனேன்.

மே 8
டிரம்ஸ் சத்தத்துக்கு மட்டும் மெருகேற்றும் எஃபெக்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். கட்டினவருக்குக் கொஞ்சம் சலுகை காட்டினால் என்ன குறைந்துவிடும்? டிரம்ஸை மட்டும் தனியாக ஓடவிட்டால் மழைக்குள் யாரோ நடந்து வருவது மாதிரி இருந்தது. சொக்கிப்போனேன்.

கணினிதான் அடியோடு திணறுகிறது. வேகம் கூட்ட இணையத்தில் சொன்னபடி இதை அணை, அதை அணை என்று புரியாமலே அணைத்தேன். இங்கே எல்லாரும் நம்பிச் செய்கிறபடி, கணினி மேல் பச்சைப் பொட்டலச் சோளப்பொரியும் வைத்தாயிற்று, இயந்திரம் சொன்ன பேச்சு கேட்க. குழுவில் கித்தார் வாசிக்கும் கான்-சாங் அதில் பாதியைத் தின்றுவிட்டான். "தின்னா பாவமாக்கா?" தின்னுட்டுக் கேக்குறான் பாரு!

மே 9
குழுவுக்குப் போட்டுக் காட்டினேன். டிரம்ஸ் மட்டும் பிந்தி விழுகிறது. ஒவ்வொரு அடியும்.

"என்னண்ணே, நீங்க மட்டும் அடுத்த பஸ்ஸுல வர்றீங்க?" என்றான் கான்-சாங். எல்லாரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மே 10
"வயசாயிடுச்சு மெய்-யூன். கை சொன்னபடி கேக்கல. எனக்கே தெரியாமப் போச்சு பாரு."

டிரம்ஸை விற்க விளம்பரம் போட்டுவிட்டார். அய்யோ, வேணாங்கன்னு சொல்ல வாய் வரல. அடி பிந்தினதை நானும்தானே என் காதால கேட்டேன்?

மே 11
சாப்ஸ்டிக்கால் சோற்றுக் கிண்ணத்தைத் தட்டினால் பிச்சைதான் எடுப்பாய் என்று அவர் அம்மா திட்டியும் விடாத மனுஷன். இன்று சாப்ஸ்டிக்கை ஓசையில்லாமல் கீழே வைத்தார்.

மே 14
ஜன்னலுக்கு வெளியே கப்பல் இருக்கிறதா, மழை மட்டும்தானா, தெரியவில்லை.

வேலையையாவது முடிப்போமென்று உட்கார்ந்தேன். படங்களுக்குச் சின்ன அளவில் நகல் எடுத்து, அவற்றை வைத்து வெட்டினேன். ஒலிக் கோப்புகளை வேகமான வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன். கடைசியாக டிரம்ஸ் எஃபெக்டுகளைக் கழற்றினேன். படம் தண்ணீராக ஓடியது.

டிரம்ஸ் சரியாக விழுந்தது!

மறுபடி எஃபெக்டைப் போட்டேன் — பிந்தியது. எடுத்தேன் — சரி. அடிப்பாவி! ஒவ்வொரு எஃபெக்டும் சத்தத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துத்தான் விடும். அந்தத் தாமதத்தை ஈடுகட்டும் அமைப்பை வேகத்துக்காக நானே அணைத்துத் தொலைத்திருக்கிறேன். அவர் கை பிந்தவே இல்லை. நான்தான் பிந்த வைத்தேன், ஆசை ஆசையாக.

ஓடிப்போய் அவரை இழுத்து வந்து கேட்க வைத்தேன். கேட்டார். "என் மனசு நோகக் கூடாதுன்னு சரிபண்ணிட்டே" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். அழுகையா வந்துச்சு.

மே 15
கேமராவையே அவர் கையில் கொடுத்தேன். "இதுல எல்லாச் சத்தமும் ஒரே மைக்குல சேந்து பதிஞ்சது. நான் நெனச்சாலும் உங்கள மட்டும் தனியா நகத்த முடியாது. கேளுங்க."

காதோடு வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். பாட்டு முடிந்தும் நின்றார். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

மே 17
டிரம்ஸ் வாங்க ஒரு பெண் வந்தாள். விளம்பரத்தை எடுக்க மறந்திருக்கிறார். வாசித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக்குமேல் பாட்டு.

"விக்கிறதுக்குத்தான வாசிக்கிறாரு?" என்று என் காதோரம் கேட்டாள்.

"இல்லம்மா. மழை விடுற வரைக்கும் உக்காரு. டீ போடுறேன்."